அஞ்சு வருஷம்தானே!

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தில் கை வைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் வாழ்க்கைப் பிரச்னை ஞாபகத்துக்கு வரும். ஒருத்தருக்கு வீட்டுக் கடன், ஒருத்தருக்கு மாமியார். போன வெள்ளிக்கிழமை எதிர் சீட்டுப் பையன் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"சார், நீங்க மிலிட்டரில இருந்தவர்தானே?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் வழக்கமாக வருவது கேன்டீன் சரக்கு பற்றிய விசாரணை. அதனால் முன்ஜாக்கிரதையாக, "கோட்டா தீர்ந்து போச்சுப்பா" என்றேன்.

"ஐயோ, அது இல்ல சார்" என்று செல்போனை நீட்டினான். அதில் இரண்டு காகிதங்களின் படம். ஒன்று 'கேட்' பரீட்சை ஸ்கோர் கார்டு. நல்ல மார்க். ஜூலையில் எம்.டெக். சீட்டு ஏறக்குறைய நிச்சயம். இன்னொன்று, பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் வந்து சேரும்படி உத்தரவு. பையன் சத்தமே போடாமல் பெங்களூர் போய் ஐந்து நாள் இன்டர்வியூவைப் பாஸ் செய்துவிட்டு வந்திருக்கிறான்! நாங்கள் எல்லாம் அவன் ஊரில் அக்கா கல்யாணத்துக்கு அலைகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் பதினோரு நாள்தான் சார் இருக்கு. எம்.டெக்கை ஒத்திப்போட்டுடலாம்னு பாக்கறேன். படிப்பு எங்க ஓடிடப் போவுது?"

தயிர்சாதம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தி, மதுரையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்துகூட மாற்றமில்லை.

அவனிடம் அப்போது முழுசாகச் சொல்ல முடியவில்லை. மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். அதனால் இங்கே சொல்கிறேன்.

என் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் கிளார்க் வேலை. காலையில் பை வரும். சீலை உடைத்து, தபாலைக் கொட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி முத்திரை 'டப்... டப்' என்று குத்தி, தெருவாரியாகப் பிரிக்க வேண்டும். தந்தியும் அங்கேதான். 28 வருஷ சர்வீஸில் ஒரு தபாலைக்கூட மறுநாளைக்கு வைத்ததில்லை என்பது அப்பாவின் பெருமை. அதை வாரம் ஒரு தரமாவது எங்களுக்குச் சொல்லிவிடுவார். தீபாவளியன்றுகூட.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். கடைசி வருஷம் படிக்கும்போது ஹாஸ்டலில் ஒருத்தன், யூ.பி.எஸ்.ஸி. நடத்துகிற சி.டி.எஸ். பரீட்சைக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்தான். தனியாகப் போய் எழுதப் பயமாம். துணைக்கு என்னையும் எழுதச் சொன்னான். பரங்கிமலை அகாடமிக்கு மட்டும் என்றால் கணக்குப் பேப்பர் கிடையாது, இங்கிலீஷும் பொது அறிவும் போதும். இது எனக்குப் பிடித்திருந்தது. பரீட்சை எழுதினோம். துணைக்குப் போனவன் பாஸ். அழைத்துப் போனவன் ஃபெயில். தமிழ் சினிமாவில் வாய்ப்புக் கேட்டுப் போனவர்களின் பேட்டி எல்லாமே இப்படித்தான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

1994 ஆரம்பத்தில் பெங்களூர் செலெக்‌ஷன் சென்டருக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் சார்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்பா சம்மதித்ததற்கு அதுதான் காரணம். "சும்மா பெங்களூர் பாத்துட்டு வா. எப்படியும் எடுக்க மாட்டான்" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பினார்.

அங்கே போனதும் பெயரைப் பிடுங்கிக்கொண்டு நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நாளைக்கு நான் வெறும் 17. மார்பில் ஒரு 17, முதுகில் ஒரு 17. திரையில் ஒரு படத்தை முப்பது விநாடி காட்டுவார்கள். நாலு நிமிஷத்துக்குள் அதைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும். பதினோரு படம் இப்படிப் போனது. பன்னிரண்டாவது, வெறும் வெள்ளைத் திரை. ஸ்லைடு மாட்டிக்கொண்டது போலிருக்கிறது, சரிசெய்வார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எல்லோரும் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் உறைத்தது, அந்த வெள்ளைத் திரைதான் படமே! இருந்த ரெண்டு நிமிஷத்தில், ஒரு தபால்காரர் மழையில் நனையாமல் ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை எழுதினேன். வேறு எந்த உலகம் எனக்குத் தெரியும்?

நாலாம் நாள் மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் எல்லாம் கொடுத்து, தரையில் கால் படாமல் அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். எங்கள் குழுவில் நல்ல உயரமாக, இங்கிலீஷும் இந்தியும் பொளந்து கட்டுகிற ஆசாமிகள் இருந்தார்கள். ஆளாளுக்கு உத்தரவு போட, பலகை நடுவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வழி தெரிந்தது. நெம்புகோல் தத்துவம், ஒன்பதாம் கிளாஸ் பாடம். பதற்றத்தில், "அந்தப் பக்கம் உக்காருடா, உக்காந்தாத்தான் இது தூக்கும்!" என்று பச்சைத் தமிழில் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பஞ்சாபிப் பையன் என் கை காட்டிய இடத்தில் போய்ச் சட்டென்று உட்கார்ந்தான். பலகை நிமிர்ந்தது. ஒவ்வொருத்தராகக் கடந்தோம்.

அதுவரை என் வாழ்க்கையில் நான் சொல்லி யாரும் எழுந்ததும் இல்லை, உட்கார்ந்ததும் இல்லை. வீட்டில் என் தங்கைகூட. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ராணுவத்தில் சேர வேண்டும் என்று நான் நிஜமாக ஆசைப்பட்டது அந்த நிமிஷத்திலிருந்துதான். பிற்பாடு நாட்டுப்பற்று, ஒழுக்கம், லட்சியம் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் அப்புறம் சேர்ந்தது.

இன்டர்வியூ செய்த கர்னல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். பிசிக்ஸ் பிடிக்குமா? பிடிக்கும் சார். மேலே படிக்கிற உத்தேசம் உண்டா? உண்டு சார், எம்.எஸ்ஸி. அப்படியானால் இங்கே எதற்கு வந்தாய்?

இதற்கு நான் தயார் செய்து கொண்டுபோன பதில் மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஐ வில் போஸ்ட்போன் மை ஸ்டடீஸ், சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். போஸ்ட்போனா, இல்லை, கிவ் அப்பா?

"போஸ்ட்போன், சார்."

லேசாகச் சிரித்து எதையோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்பது இன்றுவரை தெரியாது. ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலே நாலு நம்பர்களைப் படித்தார்கள். மூன்றாவது 17. அப்புறம் மெடிக்கல். கண், காது, பல், பாதம் எல்லாவற்றையும் மாட்டுத் தரகர் மாதிரி பார்த்தார்கள். எங்களில் ஒருத்தனைக் காதில் அழுக்கு இருக்கிறது என்று நிறுத்தி வைத்தார்கள். அவன் அம்மா சின்ன வயசிலிருந்து சொல்லியிருப்பாள், கேட்டிருக்க மாட்டான்.

தேர்வாகிவிட்டால் உடனே கூப்பிடுவார்கள் என்று இல்லை. மெரிட் லிஸ்ட் வர வேண்டும். அதில் பெயர் இருந்தால் கடிதம். மாசங்கள் ஓடின. ஜூலையில் மதுரையில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். ஹாஸ்டல், மெஸ், கோல்ட்ஸ்டீன் எழுதிய கிளாசிக்கல் மெக்கானிக்ஸ். அந்தப் புத்தகத்தை வாங்க அப்பா பி.எஃப். கடனில் இருந்து எடுத்துக் கொடுத்தார். லேப் பார்ட்னரும் நானும் ஸ்பெக்ட்ராமீட்டரைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு மஞ்சள் கோடு எங்கே என்று தேடியது தனிக் கதை.

அம்மாவுக்கு மட்டும் உள்ளூர ஒரு உதறல் இருந்துகொண்டே இருந்தது. காரணம் உண்டு. 1987 ஜூலையில் ஒப்பந்தம் ஆகி நம் அமைதிப்படை இலங்கைக்குப் போனது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருத்தர் எங்கள் பக்கத்துத் தெரு ஹவில்தார். லீவில் வந்தால் எனக்கு ராணுவ பிஸ்கட் கொடுப்பார். கல் மாதிரி இருக்கும், ஆனால் தெருவில் மவுசு. அவர் இறந்துபோன தந்தி அப்பாவின் ஆபீஸுக்குத்தான் வந்தது. அப்பா தன் கையாலேயே அதைத் தந்திக் காகிதத்தில் எழுதினார். தந்தி சேவகர் அன்று லீவு. அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை.

நான் அம்மாவுக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் கதையை எடுத்துவிட்டேன். நம்ம பக்கத்துக் குடும்பம்தான், பம்பாயில் பிறந்தவர், இதே பரங்கிமலையில் பயிற்சி எடுத்து 1972-ல் அதிகாரியானவர், இலங்கையில் காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, நாட்டிலேயே பெரிய விருது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "விருதை அவரு கையில வாங்குனாரா?"

வாங்கவில்லை. 1987 நவம்பர் 25-ம் தேதி அங்கேயே இறந்துபோனார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 21-ம் தேதி, புதன்கிழமை. வகுப்பு முடிந்து வந்தால் ஹாஸ்டல் வாசலில் அப்பா நிற்கிறார். கையில் மஞ்சள் பை. அப்பா அரை நாள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணுமில்லடா. டீ குடிக்கலாம் வா."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ வந்து, ஆற்றி, பாதி குடித்த பிறகுதான் பையிலிருந்து கவரை எடுத்தார். பழுப்பு நிறம். மேலே 'ஆன் இந்தியா கவர்ன்மென்ட் சர்வீஸ்.' டெல்லி முத்திரை. அக்டோபர் முதல் வாரம் பரங்கிமலையில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். கறுப்பு ஷூ, டிரங்க் பெட்டி, வெள்ளை பனியன் எத்தனை என்று நீளமாக ஒரு பட்டியல்.

சந்தோஷத்தில் கவரைத் திருப்பினேன். பின்னால் எங்கள் ஊர் தபால் ஆபீஸ் முத்திரை. தேதி: 12 செப்டம்பர் 94.

ஒன்பது நாள்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போய் அம்மா வைத்த மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வழியனுப்பியிருக்கிறார். தபாலை மறைத்து வைப்பது அப்போது தபால்காரர்களுக்குக் குற்றம். 1898-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். முத்திரை குத்தாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. வந்த அன்றைக்கே, பழக்க தோஷத்தில் குத்திவிட்டு, அப்புறம் டிராயரில் வைத்துவிட்டார் போல.

நான் முத்திரையைப் பார்த்ததை அவர் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. டீக்கடை ரேடியோவில் சந்தை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது.

"படிப்பு என்னாகும்?" என்றார் கடைசியில்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "ஒத்திப்போட்டுடலாம்ப்பா. அஞ்சு வருஷம்தானே? முடிச்சிட்டு வந்து எம்.எஸ்ஸி. பண்றேன். படிப்பு எங்க ஓடிடப் போவுது?"

அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அஞ்சு வருஷம் என்கிற கணக்கு அவருக்குப் பிடித்துவிட்டது. ஆர்.டி., என்.எஸ்.ஸி. என்று முதிர்வுத் தேதி போட்ட விஷயங்களோடு வாழ்ந்த மனுஷன். பையன் அஞ்சு வருஷத்தில் முதிர்ந்து வட்டியோடு திரும்பி வருவான் என்று கணக்குப் போட்டிருப்பார். "யோசிச்சு ரெண்டு நாள்ல சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்த இரண்டு நாள் இருக்கிறதே! ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவில் கோடு கிழித்து இடது பக்கம் எம்.எஸ்ஸி., வலது பக்கம் ராணுவம் என்று எழுதினேன். எம்.எஸ்ஸி. முடித்தால்? பி.எட். அல்லது எம்.ஃபில். அப்புறம் நெட் பரீட்சை. நடுவில் பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மெஸ் பில். தங்கை பிளஸ் டூ. வலது பக்கம்: பயிற்சியிலேயே பணம். தங்கை படிப்பு. பென்ஷன் கிடையாது, அஞ்சு வருஷத்தில் அனுப்பிவிட்டால் 27 வயசில் மறுபடி முதலிலிருந்து. உயிர் என்று எழுதி, அதை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதினேன். கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தது. எனக்குக் கணக்கு எப்போதுமே அப்படித்தான் வரும்.

தாய்மாமன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினார். அவர் மகள் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். "மாப்ளே, டிரெயினிங் முடியிற வரைக்கும் கல்யாணம் பண்ணக் கூடாதாமே? அப்புறம் அஞ்சு வருஷமா? என் பொண்ணு என்ன ஃபிக்ஸட் டெபாசிட்டா?" என்றார். நியாயமான கேள்விதான். அடுத்த வருஷமே அவளுக்கு ஒரு நல்ல இடத்தில் முடித்துவிட்டார். இப்போதும் விசேஷங்களில் பார்த்தால் அவள் கணவர் என்னிடம் கேன்டீன் கோட்டா பற்றிக் கேட்பார்.

கடைசியில் துறைத்தலைவரிடம் போனேன். சீட்டை ஐந்து வருஷம் வைத்திருப்பார்களா என்று கேட்டேன். (சிரிக்காதீர்கள். நிஜமாகவே கேட்டேன்.) அவர் சிரிக்கவில்லை. சீட்டெல்லாம் அப்படி வைக்க மாட்டார்கள், டி.ஸி. வாங்கிக்கொண்டு போக வேண்டும், வந்தால் மறுபடி அப்ளிகேஷன் போட்டு வர வேண்டும் என்று சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? இப்போ ஹாமில்டன் சமன்பாட்டை போர்டுல எழுதச் சொன்னா எழுதுவியா?" என்றார்.

"எழுதுவேன் சார்."

"அதை எழுதறப்போ சந்தோஷமா இருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. சந்தோஷம் என்றவுடன் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பஞ்சாபிப் பையன் பலகை மேல் உட்கார்ந்ததுதான்.

"போறதுன்னா போ. நல்ல வேலைதான். ஆனா ஒத்திப்போடறேன்னு மட்டும் சொல்லாதே. போறேன்னு சொல்லு" என்றார்.

நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. 'ஒத்திப்போடுகிறேன்' என்றே கடிதம் எழுதினேன். அந்த ஒரு வார்த்தைதான் அவரைச் சம்மதிக்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். பிசிக்ஸுக்கு நான் திரும்பி வரமாட்டேன் என்பது எனக்கு அந்த அறையிலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

பரங்கிமலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் தலைமுடி போனது. இரண்டாம் நாள் தன்மானம் போனது. எதிர்த்துப் பேசினால் உருளு, பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று உருளு. காலை ஐந்து மணிக்கு ஓடுகிறபோது, ரோட்டில் தாம்பரம் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிற ஜனங்களைப் பார்த்துப் பொறாமையில் வெந்திருக்கிறேன். நடுவில் ஓடிவிடலாம் என்றால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அப்பாவின் பி.எஃப். தாங்காது. 1995-ல் தோளில் ஒரு நட்சத்திரத்தோடு செகண்ட் லெப்டினன்ட் ஆனேன். அந்த ரேங்கே பிற்பாடு ஒழிந்துவிட்டது. இப்போது நேரடியாக லெப்டினன்ட்.

எனக்குக் கிடைத்தது ஆர்மி சர்வீஸ் கோர். துப்பாக்கியைவிட அதிகமாக நான் கையாண்டது அரிசி, கோதுமை மாவு, மண்ணெண்ணெய், டின் பால். "எதிரியை எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்கிற சின்னப் பிள்ளைகளிடம் பருப்பு மூட்டைக் கணக்கைச் சொன்னால் அழுதுவிடும். ஆனால், நான் சொன்னால் உட்கார, எழுந்திருக்க ஆட்கள் இருந்தார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே.

அப்பா வாரம் ஒரு கடிதம் போடுவார். முகவரியில் ஊர் பெயர் இருக்காது, '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும்தான். தானே முத்திரை குத்தித் தானே பையில் போடுவார். ஒரு வாரம்கூட தவறியதில்லை.

1999 மே முதல் ஜூலை வரை கார்கில். டிராஸ் பக்கம் மலை மேலிருந்து ரோட்டைக் குறி பார்த்துக் குண்டு போடுவார்கள். அதனால் ராத்திரியில், ஹெட்லைட் போடாமல் லாரிகளை ஓட்டுவோம். ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் பாறை, நடுவில் நாங்கள். எங்கள் கான்வாயில் வந்த டிரைவர் ஒருத்தர் ஒரு ராத்திரி திரும்பவில்லை. அவர் வீட்டுக்குத் தந்தி போயிற்று. எந்த ஊர் தபால் ஆபீஸில் எந்தக் கிளார்க் அதைக் கையால் எழுதினாரோ என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். டிராயரில் இருந்த அந்த ஒன்பது நாள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2000-ல் வெளியே வந்தேன். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! கோல்ட்ஸ்டீன் ஐந்து வருஷமும் என் டிரங்க் பெட்டியில்தான் இருந்தது. மண்ணெண்ணெய் வாசனையோடு திறந்தேன். இரண்டாவது அத்தியாயத்தில், மார்ஜினில், பென்சிலில், என் கையெழுத்திலேயே ஏதோ குறிப்பு. 'எனவே இது தெளிவு' என்று முடித்திருந்தேன். என்ன தெளிவு? எதனால் தெளிவு? மூன்று நாள் முட்டிப் பார்த்தேன். அதை எழுதிய பையன் யாரோ. கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்கும் எனக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

அப்புறம் தபால் வழியில் எம்.பி.ஏ. படித்து, சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் சேர்ந்தேன். அரிசி மூட்டை எண்ணியவனுக்கு அதுதானே வரும்? என்னோடு எம்.எஸ்ஸி. சேர்ந்த லேப் பார்ட்னர் இன்றைக்கு பிசிக்ஸ் புரொபசர். அந்த மஞ்சள் கோடு அவனுக்குக் கிடைத்துவிட்டது. பார்க்கும்போதெல்லாம், "நீ இருந்திருந்தா நல்லா வந்திருப்பே" என்பான். நான் மறுப்பதில்லை. சில ராத்திரி அது நிஜமாக இருக்குமோ என்றும் தோன்றும். காலையில் போய்விடும்.

அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன், 2003-ல், அவர் ரிட்டயர் ஆன பிறகு. "ஏம்ப்பா அந்த லெட்டரை ஒன்பது நாள் மறைச்சு வெச்சிருந்தீங்க?"

பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மறைச்செல்லாம் வெக்கலடா. ஒத்திப்போட்டேன்."

மேனேஜரிடமிருந்து திரும்பி வந்த பிறகு, எதிர் சீட்டுப் பையனுக்கு நான் சொன்னது இரண்டு விஷயம்தான். எங்கள் காலத்தில் அஞ்சு வருஷம். இப்போது ஷார்ட் சர்வீஸ் என்றால் பத்து வருஷம், விரும்பினால் மேலும் நாலு. 'கேட்' ஸ்கோருக்கு ஆயுள் மூன்று வருஷம். பத்தில் மூன்று போகுமா என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். பயிற்சி முடித்தால் மெட்ராஸ் யூனிவர்சிட்டி ஒரு முதுகலை டிப்ளமோ தருகிறதே என்றான். ராணுவ நிர்வாகத்தில் தருகிறார்கள், உண்மைதான். அவன் மெக்கானிக்கலை அதில் சேர்க்க முடியாது. போவதானால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ, படிப்பதானால் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படி, எம்.டெக்கை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதே என்றேன்.

"நீங்களா இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"நான் போயிட்டு வந்துட்டேனேப்பா."

"அப்பாகிட்ட இன்னும் சொல்லல சார். லெட்டர் ஈ-மெயில்லதான் வந்துச்சு. அவருக்குத் தெரியாது."

இந்தக் காலத்தில் ஒன்பது நாள் டிராயரில் வைக்கக்கூட ஒரு அப்பாவுக்கு வழியில்லை. ராத்திரி ஊருக்குப் போய் அவரிடம் நேரில் சொல்லு, போனில் சொல்லாதே என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

திங்கள்கிழமையிலிருந்து எதிர் சீட்டு காலி. லீவு லெட்டரில் சொந்த வேலை என்று மட்டும் எழுதியிருக்கிறானாம். இன்றோடு அந்தப் பதினோரு நாளில் ஏழு போய்விட்டது. நானும் இரண்டு தடவை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.